நூற்றுப் பத்து டிகிரி

கோப்பில் அவர் பெயர் ஒரு வரிக்குள் அடங்கவில்லை.
ஜூராப் என்பதோடு நிறுத்திக்கொண்டார் பதிவு எழுதும் அம்மா.
ஜார்ஜியா என்றதும் அமெரிக்காவா என்று கேட்டவர்களில்
நானும் ஒருவன்.
இல்லை, மலை, திராட்சை, கருங்கடல் என்று
பிசியோ கட்டிலில் படுத்தபடி காற்றில் வரைந்தார்.

பத்தொன்பதில் துறைமுக அணிக்கு வலது விங்.
இருபத்தாறுக்குள் சம்பளம் தராத மூன்று கிளப்.
முப்பத்தொன்றில் கொல்கத்தா, இரண்டாம் டிவிஷன், மழைச் சேறு,
யாரும் தொடாமலே பிய்ந்த முட்டி.
இதையெல்லாம் வங்காள மொழியில் சொன்னார்.
எனக்கு அது தெரியாது.
லாட்ஜுக்குக் கீழே மீன்குழம்பு ஊற்றும் பிஸ்வாஸ்தான்
தமிழாக்கித் தந்தான், பாதியை விழுங்கிவிட்டு.

என் வேலை எண்ணுவது.
மடக்கு, நாற்பது. மடக்கு, நாற்பத்தைந்து.
அவர் முதலில் கற்ற தமிழ் வார்த்தை
போதும்.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்.
நான் விடமாட்டேன்.
நூற்றுப் பத்தில் நின்றது, அதற்கு மேல் எலும்பு ஒத்துக்கொள்ளவில்லை.
இனி ஆட்டம் இல்லை என்று டாக்டர் சொன்ன சாயங்காலம்
என் பின்னாலேயே பாலாற்றுக்கு நொண்டி வந்தார்.

ஆறு உண்டு, தண்ணீர் இல்லை.
கோட்டை உண்டு, ராஜா இல்லை.
எங்கள் கஸ்பா அணிக்கு
போஸ்ட் உண்டு, வலை இல்லை.
பத்து நிமிடம் பார்த்தார்.
ஊன்றுகோலால் மணலில் பெட்டி பெட்டியாகக் கிழித்து
ஆளுக்கொரு பெட்டி என்றார்.
தாண்டி ஓடினவன் கணுக்காலில் ஒரு தட்டு.
அப்படித்தான் மேனேஜர் ஆனார்,
கடிதமும் இல்லை, காசும் இல்லை.

பையன்கள் மாமா என்று கூப்பிட்டார்கள்.
நம் ஊரில் அதற்கு எத்தனை அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்;
நைட் ஷிப்டு முடித்துத் தோல்வாடையோடு வரும் தஸ்தகீர்
ஆக மோசமானதை நினைத்துத்தான் கூப்பிடுவான்.
அவரோ ஒவ்வொரு முறையும் சட்டென்று திரும்புவார், முகம் இளகி.
ஒருநாள் லாட்ஜ் வராந்தாவில், போன் ஸ்பீக்கரில்,
மாமா மாமா என்று ஒரு சிறுமி, விடாமல்.
அக்கா மகளா என்று பிஸ்வாஸை விட்டுக் கேட்டேன்.
மகள். அவர்கள் மொழியில் அப்பாவுக்கு அதுதான் சொல்லாம்.
மறுநாள் தஸ்தகீரிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பந்தையே பார்த்தான்.
பிறகும் மாமாதான்,
குரல்தான் வேறு.

அவர் சமைத்ததையும் சொல்லவேண்டும்.
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைப் பிளந்து வாட்டி
வால்நட் தேடினார், கிடைக்கவில்லை,
வறுத்த மல்லாட்டையை அரைத்துத் தடவினார்.
பதினோரு பேரும் தின்றோம்.
ஒருவனும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை,
தட்டில் மிச்சமும் இல்லை.

அரையிறுதி. எதிரே ஆம்பூர். கத்திரி வெயில்.
முப்பத்தேழாவது நிமிடம் பலகையில் மூன்று.
மூன்று நான்.
அந்த முட்டியை மடக்கிக் கொடுத்த கை இது.
கோட்டைத் தாண்டும்போது என் தோளில் கை வைத்து
போதும் என்றார்.
என் இடத்தில் ஐ.டி.ஐ. பையன் அமலதாஸ்.
அவன் அடித்த கிராஸில்தான் கோல், அதிலேயே ஜெயித்தோம்.
சந்தோஷம்தான். ஆனாலும் ஷேர் ஆட்டோவில்
யாரோடும் பேசவில்லை நான்.

இறுதியில் அரக்கோணத்திடம் நான்கு வாங்கினோம்.
காட்பாடியில் வண்டி ஏறினார். நான் போகவில்லை, டியூட்டி.

இப்போது அவர் நாட்டில் ஏதோ சின்ன அணிக்கு மேனேஜர்.
ராத்திரி பதினொன்றுக்கு மங்கலாக ஓடும் வீடியோ.
எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாக இருக்கும், புரியாது.
எல்லைக்கோட்டில் கோட் போட்டு நிற்கிறார்,
இடது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி.
ஸ்டைல் என்று நினைப்பார்கள்.

போன வாரம் ஒரு லெஃப்ட் பேக்கை வெளியே எடுத்தார்.
அவன் கை கொடுக்காமல்
தண்ணீர் பாட்டிலை உதைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.
இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன்.
நான் அவன் பக்கம்தான்.